நேர்ந்துவிட்ட சேவல்

சாமி காரியம் என்பதால் இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். இப்போதும் கொஞ்சம் பயந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

பிழைப்புக்காக நாங்கள் குடியிருந்த கேரளத்து விழிஞ்ஞத்தில், கட்டட வேலையின்போது என் கணவர் சாரத்திலிருந்து விழுந்தார். அவர் எழுந்து நடந்தால் எங்கள் சொந்த ஊர்ச் சுடலைமாடனுக்கு எங்கள் சேவலைத் தருவதாக நேர்ந்துகொண்டேன். அவர் நடந்தார். சேவலைப் பலி கொடுக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்குத்தான் இன்னும் நாள் இருந்தது.

அதற்குள் கோழிகளுக்குப் பேன் பிடித்தது. கால்நடை ஆஸ்பத்திரியில் தந்த பொடியை ஒவ்வொரு கோழிக்கும் சிறகுக்கடியில் தேய்த்தேன். கூட்டையும் கழுவிக் காயவிட்டேன். சேவலை மட்டும் தொடவில்லை. சாமிக்கு விட்டதன் மேல் மருந்து போட்டு, என் கணவருக்கு மறுபடி ஏதாவது ஆகிவிட்டால்? பேன் போவதும் வருவதுமாக இருந்தது. அடைகாத்த கோழி அரிப்புத் தாங்காமல் முட்டைகளை விட்டு எழுந்துவிட்டது.

பக்கத்து வீட்டு லீலா சேச்சி மதில் வழியே பார்த்துச் சிரித்தார். "எடி, சேவல மாத்திரம் எந்தினா விட்டே? சாமிக்குப் பேனையும் சேத்தா நேர்ச்ச போட்டே?"

எனக்கு அழுகை வந்தது. உள்ளே இருந்த என் கணவர் மெல்ல வந்து உட்கார்ந்தார்.

"அதப் புடிச்சு என் மடியில வையி. நான் புடிச்சிக்கிடுதேன்."

"ஏங்க, உங்களுக்கு..."

"எனக்கு ஒண்ணும் ஆவாது. நீ போடு."

மாடனை வேண்டிக்கொண்டு சிறகைத் தூக்கினேன். தோல் சிவந்து புண்ணாகியிருந்தது; பேன்கள் ஊர்ந்தன. சேவல் அவர் மடியில் அசையாமல் இருந்தது. பொடியைத் தடவும்போது, என் சாமியை எவ்வளவு சின்னவராக நினைத்துவிட்டேன் என்று வெட்கப்பட்டேன்.

இதை யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். அற்புதம் எதையும் சேர்க்க வேண்டாம். பேன் மருந்தால்தான் போனது. சாமி என் பயத்தைத்தான் எடுத்துக்கொண்டார்.