அட்டவணை அண்ணன் மலையேறத் திட்டமிட்டது

அவருக்கு அட்டவணை என்று பெயர் வைத்தவன் நான்தான். அது கடை முழுக்கப் பரவி, முதலாளி காது வரைக்கும் போய், கடைசியில் அவரே போனை எடுத்து "அட்டவணைதான் பேசுறேன், சொல்லுங்க" என்று சொல்லும் அளவுக்கு ஊறிவிட்டது.

எங்களுடையது இரண்டு தளம் கொண்ட மரச்சாமான் கடை. கீழே சோபாவும் சாப்பாட்டு மேஜையும், மேலே கட்டிலும் மெத்தையும். நான் மெத்தைப் பிரிவில் இருந்தேன். அவர் கீழ்த்தள சூப்பர்வைசர். யார் எப்போது டீ குடிக்கப் போக வேண்டும், யார் வாசலில் நின்று சிரிக்க வேண்டும், எந்த நேரத்தில் எந்த விளக்கைப் போட வேண்டும் என்பதையெல்லாம் கட்டம் போட்டு எழுதி, தண்ணீர்க் கேன் பக்கத்தில் ஒட்டிவிடுவார். மெத்தைப் பிரிவுக்கும் அவர்தான் பொறுப்பு. ஆனால் ஒன்பது வருஷத்தில் நாலு தடவை மேலே வந்திருப்பார். மற்ற நாளெல்லாம் மாடிப்படிக்குக் கீழே நின்று கழுத்தை நிமிர்த்திக் கூப்பிடுவதுதான். பதினெட்டுப் படி.

இப்படிப்பட்ட மனிதர் மலைக்கோயிலுக்கு நடந்தே ஏறுவதாக வேண்டிக்கொண்டார்.

அண்ணிக்குப் பித்தப்பையில் கல் இருந்தது. அதை எடுக்க ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனபோது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் கலங்கிப்போய், "இவ நல்லபடியா வெளிய வந்துட்டா குடும்பத்தோட படியேறி வந்து உன்னைப் பாக்குறேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். நாற்பது நிமிஷத்தில் ஆபரேஷன் முடிந்தது. மூன்றாம் நாள் அண்ணி வீட்டுக்கு வந்து தன் துணியைத் தானே மடித்து வைத்தார். சாமி தன் பங்கை நாற்பது நிமிஷத்தில் முடித்துக் கொடுத்துவிட்டது. அண்ணன் தன் பங்குக்கு ஒரு நோட்டு வாங்கினார்.

கோயில் ஒன்றும் கண்காணாத இடத்தில் இல்லை. பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரம். அடிவாரத்தில் இறங்கினால் படி கண்ணுக்குத் தெரியும். காலையில் கிளம்பினவர்கள் சாயங்காலம் வீட்டில் காபி குடிக்கலாம். இதை அண்ணனிடம் யாராவது சொன்னால் பரிதாபமாகப் பார்ப்பார். "மலைன்னா உங்களுக்கு விளையாட்டாப் போச்சு."

முதல் வருஷம் மழை. அடுத்த வருஷம் வெயில். மூன்றாவது வருஷம் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அதனால் கூட்டம் அதிகமாக இருக்கும் என்று தள்ளிப்போட்டார். அதற்கப்புறம் ஒரு வருஷம் முழுக்கப் படிகளின் எண்ணிக்கையில் போயிற்று. ஒரு புத்தகத்தில் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்றும், இன்னொன்றில் ஆயிரத்துக்கு மேல் என்றும் போட்டிருந்தது. எங்கே எத்தனை நிமிஷம் உட்கார வேண்டும் என்ற கணக்கே இதனால் குழம்பிவிட்டதாம். கோயில் ஆபீசுக்கே போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"படி மொத்தம் எத்தனைங்க?"

"எண்ணினதில்லைங்களே."

"அங்கயே இருக்கீங்க, எண்ணாம இருக்கீங்களே?"

"நீங்க வந்து எண்ணிட்டு எங்களுக்கும் சொல்லுங்க" என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

பொறுப்பில்லாத நிர்வாகம் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஐந்தாம் வருஷம் பயிற்சி ஆரம்பித்தது. அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் நாலு மாடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணியும், பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருந்த அண்ணியின் தங்கையும் கீழிருந்து மொட்டை மாடி வரைக்கும் பத்துத் தடவை ஏறி இறங்க வேண்டும். அண்ணன் கீழே நாற்காலி போட்டு, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார்.

"மாமா, நீங்க ஏறலையா?" என்று தையல்காரி ஒருநாள் கேட்டாள்.

"நான் ஏறினா நேரத்தை யார் பாக்குறது?"

இந்தப் பயிற்சி மூன்று வருஷம் நடந்தது. ஆரம்பத்தில் இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கிய அண்ணி, போகப்போகக் கையில் மளிகைப் பையோடு பேசிக்கொண்டே ஏற ஆரம்பித்தார். அண்ணன் பார்த்துப் பூரித்துப்போனார். எல்லாம் தன் கடிகாரத்தின் மகிமை என்று கடையில் சொல்லிக்கொண்டார்.

அதற்குள் அவர் அந்த மலைக்கே அத்தாரிட்டி ஆகிவிட்டிருந்தார். சோபா வாங்க வருகிறவர்கள் பேச்சுவாக்கில் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். எந்தச் செருப்பு, எந்தப் பக்கத்துக் கைப்பிடி, எத்தனையாவது வளைவில் தண்ணீர், முதல் நூறு படிக்கு மூச்சை எப்படி விடுவது என்று விலாவாரியாக விளக்குவார். கேட்டவர்கள் போய் ஏறி, இறங்கி, வீட்டுக்கு வந்து, அப்புறம் சோபா வாங்க மறுபடியும் வருவார்கள். அண்ணன் அதே சோபாவில் உட்கார்ந்திருப்பார்.

சிரித்தோம்தான். ஆனால் எப்போதுதான் ஏறப்போகிறீர்கள் என்று எங்களில் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் பேச்சைக் கேட்பது கடையில் எங்களுக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது. நிறுத்தினால் நஷ்டம் எங்களுக்குத்தான்.

குட்டு உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் என்னையும் சேர்த்து மூன்று பேர் அடுத்த புதன்கிழமை மலைக்குப் போவதாக இருந்தோம். அண்ணன் விடவில்லை. "வீட்டுக்கு வாங்க, முறையாச் சொல்லித் தர்றேன்" என்றார். போனோம். மெத்தை வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதன் பின்பக்கத்தில் மலையை வரைந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தார். ஏறும் வழி சிவப்பு, இறங்கும் வழி நீலம். இரண்டும் ஒரே படிதான்.

"மூணாவது வளைவுல தண்ணிக் குழாய். அங்க பாட்டிலை நிரப்பிக்கணும். அங்க விட்டீங்கன்னா மேல சொட்டுத் தண்ணி கிடையாது" என்றார், அளவுகோலால் தட்டி.

டீ கொண்டுவந்த அண்ணி தட்டை மேஜையில் வைத்தார். "மூணாவது வளைவுக் குழாய்ல இப்ப தண்ணி வர்றதில்ல. இன்னும் ரெண்டு வளைவு தள்ளிப் போங்க, அங்க புதுசாப் போட்டிருக்காங்க" என்று எங்களிடம் சொன்னார்.

அண்ணன் அளவுகோலை எடுக்காமலே திரும்பினார். "உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. போன மாசம் போனப்ப பாத்தேன்."

"போன மாசமா?"

"அதுக்கு முந்தின மாசம் வேலை நடந்துட்டு இருந்துச்சு."

அண்ணிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை. புதன்கிழமை லீவு. தங்கையைக் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் போய், ஏறி, சாமியைப் பார்த்துவிட்டு, அண்ணன் கடையிலிருந்து வருவதற்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை. நெற்றியில் திருநீறோடு இவருக்குத் தட்டு வைத்துப் பரிமாறியிருக்கிறார். அண்ணன் அப்போது கூட்டம் குறைவான மாதம் எது என்று நோட்டில் தேடிக்கொண்டிருந்தார்.

நாங்கள் மூன்று பேரும் டீயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப என் வேண்டுதல்?" என்றார் அண்ணன்.

"உங்க வேண்டுதல்ல நான் கை வைக்கலைங்க. அது அப்படியே இருக்கு. நான் என்னோட வேண்டுதலுக்குப் போனேன்."

"உனக்கு என்ன வேண்டுதல்?"

"சாமிகிட்ட சொன்னதை மீட்டிங்ல சொல்ல முடியுமா?" என்று சொல்லிவிட்டு அண்ணி காலி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த இரண்டு நாள் அண்ணன் கடையில் யாரிடமும் பேசவில்லை. ஒரு அம்மாள் மலையைப் பற்றி வலிய வந்து கேட்டபோதுகூட, "துணி உறை போட்ட சோபாவா, தோல் உறையா?" என்று பேச்சை மாற்றிவிட்டார். பார்க்கவே சகிக்கவில்லை. புதன்கிழமை காலை பஸ் நிலையத்துக்குப் போனால், அங்கே அண்ணியும் தங்கையும் நிற்க, நாலடி தள்ளி அண்ணனும் நின்றுகொண்டிருந்தார். கையில் நோட்டு இல்லை. கடைக்கு லீவுகூடச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அடிவாரத்தில் இறங்கி நிமிர்ந்து பார்த்தார். எட்டு வருஷமாக வரைந்த மலையை அப்போதுதான் நேரில் பார்க்கிறார். பிறகு "படி செங்குத்தா இருக்கு" என்றார், யாரோ அதை அவரிடமிருந்து மறைத்துவிட்ட மாதிரி.

ஏற ஆரம்பித்தோம். அண்ணியும் தங்கையும் முன்னால் போய்விட்டார்கள். முப்பது படி வரைக்கும் அண்ணன் எங்களுக்கு மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார். எழுபதில் சொல்லிக்கொடுப்பது நின்றது. நூறு தாண்டியதும் ஓரத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தம்பி, பாதியில நின்னுட்டா எல்லாரும் பாப்பாங்கன்னு பயம். அதான் ஆரம்பிக்கவே இல்ல. யார்கிட்டயும் சொல்லாதே" என்றார் மெதுவாக.

சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

மேலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். "வர்றீங்களா, இருக்கீங்களா?"

"நீங்க போயிட்டு வாங்க. நான் பையைப் பாத்துக்குறேன்."

பையெல்லாம் எங்கள் தோளில் இருந்தது.

நாங்கள் தரிசனம் முடித்து இறங்கி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அண்ணனை விட்டுவிட்டு வந்தோமே என்று எனக்குள் உறுத்தல்தான். பெஞ்சுக்கு மேலே இருந்த திருப்பத்திலேயே அவர் குரல் கேட்டது. ஏழெட்டுப் பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், ஒரு மாமியார், ஒரே நிறச் சட்டை போட்ட இரண்டு பேர். "மூணாவது வளைவுக் குழாயை நம்பாதீங்க. அது பழைய குழாய். இன்னும் ரெண்டு வளைவு தள்ளிப் புதுசு போட்டிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது.

"எத்தனை தடவை ஏறியிருக்கீங்க?" என்று அந்த மாமியார் பக்தியோடு கேட்டார்.

அண்ணன் எங்களைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். "எங்க வீட்ல இது எட்டாவது தடவைங்க" என்றார்.

அண்ணி திருநீறை எடுத்து அவர் நெற்றியில் வைத்துவிட்டு, கண்ணில் விழாமல் கையால் மறைத்து ஊதினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி ஜன்னல் பக்கம். வெகு நேரம் கழித்து அண்ணன் கேட்டார்.

"மேல போனா என்ன தெரியும்?"

அண்ணி சொல்ல ஆரம்பித்தார். மேலே வீசும் காற்று, சன்னதிக்குப் பின்னால் தெரிகிற ஏரி, படியில் படுத்துக்கொண்டு யாருக்கும் வழி விடாத நாய் என்று ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இரண்டு இடத்தில் மட்டும் குறுக்கிட்டுத் திருத்தினார்.