ஏரிக்கரையில் நான் நட வைத்த தூண்கள்

வேலையில் இருந்த காலத்தில் நானும் கோபாலும் மேனாம்பேடு ஏரிக்கரை மண்பாதையில்தான் ஒரே பைக்கில் தொழிற்சாலைக்குப் போவோம். மழை பெய்தால் வண்டி சறுக்கும். பின்னாலிருந்து அவன் சிரிப்பான்.

ஓய்வு பெற்ற பிறகு அதே கரையில் நடக்கப் போனேன். இளைஞர்கள் பைக்கில் சீறிப் போனது எரிச்சலாக இருந்தது. குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் மாநகராட்சிக்கு மனு மேல் மனு எழுதி, மோட்டார் வண்டிகளுக்குத் தடை வாங்கினேன். பாதையின் தொடக்கத்தில் கல்தூண்கள் நட்டார்கள். பெருமையாக இருந்தது.

அன்று மாலையே தூண்களுக்கு முன்னால் கோபால் நின்றிருந்தான். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்தவன். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தினமும் ஏரியைப் பார்க்க வருவான். வண்டி நுழையவில்லை.

"இன்னா மச்சான், எவன் நட்டது இத?"

"நான்தான்டா."

ஸ்கூட்டரை அணைத்தான். "நீ ஓட்ன ஓட்டுக்கு, அப்பவே நட்டிருக்கணும்" என்றான்.

தூண்களை எடுக்கச் சொல்லி எழுதினேன். தடைக்கு நான் சொன்ன காரணங்களே பதிலாக வந்தன.

இப்போது மாலையில் இருவரும் தூண்களுக்கு இந்தப் பக்கமே இருந்து பேசுகிறோம். இங்கிருந்து ஏரி தெரியாது. ஊருக்கு நல்லது என்று எழுதியபோது அவன் என் நினைவிலேயே இல்லை. ஈரக்காற்று வரும்போது பேச்சை நிறுத்திவிட்டு அவன் கரைப்பக்கம் திரும்புவான். நான் தரையைப் பார்ப்பேன்.