புயலுக்குள் போன திருநீறு

செய்தி வந்தபோது நான் லண்டன் லூயிஷாமில் இன்னொரு வேலையை விட்டுக்கொண்டிருந்தேன். கடை முதலாளியிடம் பாதி வசனம்தான் சொல்லியிருந்தேன். அதற்குள் அம்மா கடைக்கே போன் எடுத்துவிட்டார். "எங்கட தவமணி செத்துப்போனாளாமடி. நித்திரையிலயாம்." மீதி வசனத்தை நான் சொல்லவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

தவமணி அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. லண்டனிலேயே மிச்சம் என்ற ஊர்ப்பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலை. அங்கே கைநீளத்தில் ஒரு குழாய் செய்வோம். கடலில் சூறாவளியை அளக்கப் போகும் விமானம் மேலே இருந்து அதைப் போடும். குழாய் குட்டிப் பாரசூட்டில் இறங்கிக்கொண்டே காற்று, அழுத்தம், வெப்பம், ஈரம் எல்லாவற்றையும் ரேடியோவில் சொல்லும். கரையில் இருப்பவர்கள் எப்போது ஓட வேண்டும் என்பது அந்த எண்களில் இருக்கிறது. யூனிவர்சிட்டியைப் பாதியில் விட்ட நான் பாரசூட் மடித்தேன். எதிர் மேசையில் அக்கா குழாய்களைச் சோதித்தார்.

இத்தனை குழாயை அனுப்பியவர் ஒரு புயலையும் கண்டதில்லை. ஒரு வருடம் அந்த விமானத்தில் எங்கள் ஆள் ஒருவருக்கு இடம் கிடைத்தது. அக்கா கேட்டார், முதலாளி சரி என்றார். மனோர் பார்க் முருகன் கோயிலில் ஒரு மாமி எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"உமக்கு விசரே? ஆக்கள் புயலைக் கண்டா ஓடுறவை. நீர் தேடிப் போறீர்."

"சாப்பாடும் தருவினமாம், மாமி."

"தந்தென்ன, வயித்துக்குள்ள நிக்குமே?" பிறகு மாமியின் கண் என்மேல் விழுந்தது. "இவள்தானே படிப்பைக் குழப்பினவள்?"

"கரையில நிண்டு காத்தைப் பேசாதேங்கோ, மாமி. உள்ள போய் அளந்துபோட்டுச் சொல்லுங்கோ" என்றார் அக்கா.

மாமி அன்னதான வரிசைக்குப் போய்விட்டார்.

பயணத்துக்குக் கொஞ்சம் முன்னர்தான் வில்லங்கம் வந்தது. நாங்கள் அனுப்பிய புது மாதிரிக் குழாய்களை விமானக்காரர்கள் மழை மேகத்துக்குள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கொட்டுகிற மழைக்குள் நின்று அவை "காய்ந்த காற்று" என்றனவாம். முதலாளி ஈரத்தை அளக்கும் ஈரமானியை விற்றவனை ஏசுவதற்குப் போனைத் தூக்கினார். அக்கா ஒரு குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். நுனியில் வெள்ளையாக ஒரு கோடு.

வெள்ளிக்கிழமைகளில் அக்கா சிவன் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வருவார். பெட்டியில் வைக்கும் முன் ஒவ்வொரு குழாயின் மூக்கிலும் திருநீறு பூசி, "கவனமாப் போ ராசா" என்பார். பழைய மாதிரியில் ஈரமானி உள்ளே இருந்தது. புதியதில் மூக்கிலேயே திறந்தபடி இருந்தது. சாம்பல் அதை மூடிவிட்டது.

"பேசாம இருங்கோ, அக்கா. துடைச்சு விடுவம். ஆருக்குத் தெரியும்?"

"குழாய்க்குத் தெரியுமெடி."

நேரே போய் முதலாளியிடம் தன் சாம்பல் என்றார். "சிகரெட்டா?" என்று கேட்டார் அந்த வெள்ளைக்காரர். "இல்லை, சிவன்" என்றார் அக்கா. முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. விமான இடம் விற்பனைப் பகுதிக்காரர் ஒருவருக்குப் போனது. அக்கா எல்லாக் குழாயையும் துடைத்தார், திரும்பச் சோதித்தார். அவர் பாடாமல் வேலை செய்ததை அன்றுதான் கண்டேன்.

விற்பனைக்காரரைக் காப்பாற்றியது அவருடைய மனைவி. சூறாவளிக்குள் விமானம் எப்படித் தூக்கிப்போடும் என்று யாரோ அந்த மனைவிக்கு விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். மனிதர் அடுத்த நாளே இடத்தைத் திருப்பிக் கொடுத்தார். வேறு எவரும் கை தூக்கவில்லை. முதலாளி எங்கள் மேசைக்கு வந்தார்.

"தவமணி, உனக்கு வாந்தி வருமா?"

"வரும்."

"போவாயா?"

"ஓம்" என்றார் அக்கா. இங்கிலீஷ் 'யெஸ்' மறந்துவிட்டது.

கரீபியனில் தரையிறங்கியதும் தொழிற்சாலைக்குப் போன் எடுத்தார். மூன்று பை வாந்தி. பிறகு புயலின் நடுவில் திடீரென்று நீல வானம், வெயில். குழாயைத் தன் கையாலேயே போட்டாராம். அதையெல்லாம் ஓட்டமாகச் சொல்லிவிட்டு, சத்தமாகக் கத்தினார்: "எடியே, மேகச் சுவருக்குள்ள ஈரம் நூறு காட்டினதடி! நனைஞ்சு போனன் எண்டு சொன்னதடி!"

"திருநீறு?"

"எனக்கு மட்டும்தான் பூசினனான்."

அக்காவை எரித்த அன்று சுடலையில் நல்ல மழை. தொழிற்சாலை முதலாளியும் வந்திருந்தார், நானும் அவரும் ஒரே குடையில். "ஈரம் எவ்வளவு இருக்கும்?" என்றார் மெதுவாக. கையை வெளியே நீட்டினேன். நன்றாக நனைய விட்டேன். பிறகுதான் சொன்னேன்: "நூறு."

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு பழக்கம்தான். லூயிஷாம் வேலையை இன்னும் விடவில்லை. அளந்துபோட்டுச் சொல்கிறேன்.