பத்துக்குப் பத்து

“சித்தப்பா, என் ஆராய்ச்சி போச்சு!”

போன மாதம் ஒரு காலை, வாயில் பிரஷ்ஷோடு எடுத்த போன் இது. பேசியவள் என் அண்ணன் மகள் கயல். புதுக்கோட்டையில் டாக்டர். மேல்படிப்பும் படிக்கிறாள். எதற்கும் அசராத பெண். அவள் குரலே உடைந்திருந்தது.

“எண்ணெய் தேய்ச்ச எல்லாருக்கும் வலி ஏறிடுச்சு. மொதல்ல அஞ்சு, ஆறுன்னு சொன்னவங்க, இப்ப பத்துங்கறாங்க! இன்னைக்குள்ள காரணம் சொல்லலேன்னா ஆராய்ச்சியை நிறுத்திடுவேன்னு கைடு சொல்லிட்டார்.”

எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தாலும் சித்தப்பா ஆயிற்றே... “வாரேன் இரு” என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். முழங்கால் வலிக்கு ஒரு மூலிகை எண்ணெய். அது நிஜமாகவே வேலை செய்கிறதா, இல்லை, ‘டாக்டர் கொடுத்தது’ என்ற நம்பிக்கையிலேயே வலி குறைந்துவிடுகிறதா? இதைக் கண்டுபிடிக்கக் கந்தர்வக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில், சம்மதித்தவர்களை இரண்டு பிரிவாக்கினாள். ஒரு பிரிவுக்கு அசல் எண்ணெய். இன்னொன்றுக்கு அதே நிறம், அதே வாசனையில் டம்மி. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. கொடுக்கிற கயலுக்கே தெரியாது!

அந்த ஊரில்தான் என் அக்கா செல்லம் இருக்கிறாள். அவளும் ஆராய்ச்சியில் ஒரு ஆள். இதைக் கேட்டதும் அன்றைக்கே கேட்டாளாம் – “என்ன மருந்து குடுக்கிறோம்னே தெரியாமலா ஒன்ன டாக்டருக்குப் படிக்க வைக்கிறாங்க?”

சரி, பாதிப் பேர் கையில் இருப்பது டம்மி. அதைத் தேய்த்தவர்களுக்கும் சேர்த்து எப்படி வலி ஏறும்? அதுதான் கயலைப் போட்டுக் குழப்பியது. எண்ணெய் அலர்ஜியா? குளிக்கிற தண்ணியா? என் பின்னால் உட்கார்ந்து அவள் என்னென்னவோ யோசித்தாள். நான் ஸ்கூட்டரை மட்டும் ஓட்டினேன். முந்திரிக்காடு தாண்டி ஊருக்குள் திரும்பினால்... எதிரே ஒரு ஆடு பாய்ந்து வருகிறது. பின்னால் என் அக்கா!

ஓட்டம் என்றால் அப்படி ஒரு ஓட்டம். கடலைக் காட்டுக்குள் வாயை வைத்த ஆட்டை வரப்பு தாண்டி விரட்டிவிட்டு, மூச்சு வாங்காமல் வந்து நின்றாள்.

“வாடா தம்பி! வா கயலு, இங்கிட்டு நெழல்ல வந்து நில்லு.”

கயல் பதில் குறித்துக்கொள்ளும் டேப் கம்ப்யூட்டரைக் கையில் எடுத்தாள். “அத்தை, இப்ப பத்துக்கு எத்தனை?”

“பத்து!” என்றாள் அக்கா, பெருமையாக.

எனக்குச் சுருக்கென்றது. “ஏன்க்கா, இவ்வளவு வலியோடயா இந்த ஓட்டம் ஓடினே?”

“வலியா? எனக்கா? அது எப்பவோ கொறஞ்சிருச்சுடா.”

“பின்னே எதுக்குப் பத்து?”

அக்கா என்னை ஓரமாக இழுத்தாள். குரலைத் தாழ்த்துவதாக அவளுக்கு நினைப்பு. ஊருக்கே கேட்டது. “புள்ளைக்கு இதுதான்டா பரீட்சை. நாமதான் மார்க் போடணும். ரெண்டு, மூணுன்னு போட்டா பெயிலாக்கிட மாட்டாங்களா? அதான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுட்டேன், யாரும் பத்துக்குக் கொறஞ்சு போடக் கூடாதுன்னு. நம்ம புள்ளையாச்சே!”

முதல் தடவை கயல் விலாவாரியாகக் கேட்டிருக்கிறாள் – வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்க முடியாவிட்டால் பத்து என்று. வீடு வீடாகப் போய்ப் போய், இரண்டாம் தடவை அது சுருங்கிவிட்டது. “பத்துக்கு எத்தனை?” அவ்வளவுதான். ‘வலி’ வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது.

பள்ளிக்கூடம் போன எவரிடமும் பத்துக்கு எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். மார்க் நினைப்பு வராமல் என்ன வரும்?

கயல் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்! கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“அத்தை, அது எனக்கு மார்க் இல்ல... ஒங்க வலிக்கு மார்க்! நீங்க உள்ளதைச் சொன்னாத்தான் நான் பாஸ்.”

“அடிப்பாவி! இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு மேரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “அய்யய்யோ, நானும் பத்து சொல்லிப்புட்டேனே! அழிச்சுருங்க டாக்டரம்மா!”

அதுதான் முடியாதாம். தப்பான பதிலாக இருந்தாலும் அழிக்கக் கூடாது, ஏன் தப்பானது என்று எழுதிவைக்க வேண்டும் – அதுதான் முறை என்றாள் கயல். நடந்ததைக் கைடிடம் அப்படியே சொன்னாள். அவர் ஆராய்ச்சிகளை மேற்பார்க்கும் கமிட்டியில் சொல்லி, திருத்திய கேள்வியோடு மறுபடி கேட்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். இப்போது பதில்கள் பலவிதமாக வந்தன. மூன்று, ஆறு, நாலு... ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதுபோல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கயலின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அக்கா மட்டும், “மூணு... ஒன்னப் பாத்து மூணுங்க மனசே வரல கயலு” என்று கண் கலங்கினாள்.

இந்த வாரம் ரகசியம் உடைந்தது. அசல் எது, டம்மி எது என்று பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு பிரிவிலும் வலி குறைந்திருக்கிறது. இரண்டுக்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. எண்ணெய் தோற்றுவிட்டது. ‘வேலை செய்யவில்லை’ என்று தெளிவாகச் சொல்வதும் ஒரு விடைதான் என்று கைடு தட்டிக்கொடுத்து, தீசிஸில் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். “கயல் பாஸாயிட்டாக்கா!”

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்...

“அப்ப இனிமே பத்துப் போடலாமுல்ல?”