நான்கு இசைத்தட்டுகள் பிறந்த வீடு

இந்த வருடம், 1998 ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் மனைவி பரமேஸ்வரியும் பிளேஸ்டோவிலிருந்து லண்டனின் மேற்குப் பக்கம் போய் இரண்டு ஒலிப்பதிவு ஸ்டூடியோக்களைத் தேடினோம். பழைய ராக் இசைத்தட்டுகள் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதே வழியில் போகலாம். ஒரு பகல் போதும். நான் எழுத்துப் படித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஆங்கிலத்தை நூலகத்து மாலை வகுப்பிலும் தமிழைக் குசினி மேசையில் பரமேஸ்வரியிடமும் படித்தேன். அதனால் மெல்லத்தான் எழுத வருகிறது. நான் கடதாசியில் எழுதித் தருவதை மருமகன் இந்த இணையப் பக்கத்தில் ஏற்றுகிறார்.

1986இல் ஈஸ்ட்ஹாமில் நாங்கள் வாடகைக்கு எடுத்த அறையில், முன்பு இருந்தவர் ஒரு பிளேயரையும் அறுபது இசைத்தட்டுகளையும் விட்டுப் போயிருந்தார். வேண்டுமானால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் எறி என்றார் வீட்டுக்காரர். நான் வைத்துக்கொண்டேன். பாடுகிறவர் யார், என்ன பாடுகிறார், ஒன்றும் தெரியாது. கிற்றார் சத்தம் பிடித்துவிட்டது. உறையில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் எந்தத் தட்டு என்று கண்டுபிடிப்பேன். பரமேஸ்வரிக்கு இந்த இசை பிடிக்காது. வேலையால் வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சமைப்பார்.

எழுத்துப் படித்ததும் உறைகளின் பின்பக்கத்தை வாசிக்கத் தொடங்கினேன். என்ன சந்தோசம் என்று சொல்ல முடியாது. அங்கே சின்ன எழுத்தில் எங்கே பதிந்தது, எப்போது பதிந்தது என்று போட்டிருக்கிறார்கள். நான்கு வேறு வேறு குழுக்களின் நான்கு தட்டுகள், ஒரே வருடம், மாசிக்கும் வைகாசிக்கும் இடையில், சிசிக்கில் உள்ள ஒரே ஸ்டூடியோவில் பதிந்தவை. அதில் ஒன்றை மட்டும் சித்திரையில் பார்சன்ஸ் கிரீனில் உள்ள இன்னொரு ஸ்டூடியோவில் தொடங்கி, சிசிக்கில் முடித்திருக்கிறார்கள். ஒரு குழு வெளியே வர, அடுத்த குழு உள்ளே போயிருக்கும்.

இது தெரியவந்த நேரம்தான் வீடு மாறவேண்டி வந்தது. என் முழங்கால் படி ஏற மாட்டேன் என்றதால், கவுன்சில் எங்களுக்கு நிலத்தளத்தில் சின்ன பிளாட் ஒன்று தந்தது. சாமான் வைக்க இடமில்லை. இசைத்தட்டு எல்லாவற்றையும், பழைய சாமான் விற்றுத் தர்மம் செய்யும் தர்மக் கடைக்குக் கொடுக்கவேண்டும் என்றார் பரமேஸ்வரி. இந்த நான்கும் ஒரே வீட்டில் பிறந்தவை, இவற்றையாவது விடு என்றேன்.

“அப்ப அந்த வீட்டைக் காட்டுங்கோ. கண்டால் நம்புறன்” என்றார்.

இப்படித்தான் பயணம் வந்தது. நூலகத்துத் தொலைபேசிப் புத்தகத்தில் இரண்டு விலாசங்களையும் நானே தேடி எடுத்தேன். ஒருநாள் பயணச்சீட்டைக் காலை ஒன்பதரைக்குப் பிறகு வாங்கினால் மலிவு. ஆளுக்கு நான்கு பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. பிளேஸ்டோவில், வரைபடத்தில் பச்சைக் கோடு போட்ட ரயிலில் ஏறி, ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறினால் பார்சன்ஸ் கிரீன். ஏறத்தாழ ஐம்பது நிமிடம். முன்பெல்லாம் ஸ்டேசன்களை விரல்விட்டு எண்ணித்தான் இறங்குவேன். அன்று ஒவ்வொரு பெயரையும் வாசித்துக்கொண்டு போனேன். “சத்தம் போடாமல் வாசியுங்கோ, சனம் பாக்குது” என்றார் பரமேஸ்வரி. அவர் மடியில் வெள்ளித்தாள் மூடிய தட்டு ஒன்று இருந்தது. விடிய எழும்பிப் பொரித்த ஆட்டிறைச்சி ரோல்ஸ். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அவர் கணக்கு. அது வீடில்லை, ஸ்டூடியோ என்று சொல்லிப் பார்த்தேன். பிறந்த வீடு என்று சொன்னது நீங்கள்தானே என்றார்.

பார்சன்ஸ் கிரீன் ஸ்டேசனிலிருந்து பத்து நிமிட நடை. விலாசம் சரி, கட்டடமும் நிற்கிறது. ஆனால் கண்ணாடிக்குள் குளியலறைச் சாமான்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரருக்கு இசை பற்றி ஒன்றும் தெரியவில்லை. டைல்ஸ் மலிவாகத் தரலாம் என்றார். வெளியே வந்ததும் பரமேஸ்வரி என்னைப் பார்த்தார்.

“உங்கடை பிள்ளை பிறந்த வீட்டிலை இப்ப கக்கூசு விக்கினம்.”

எனக்குச் சிரிப்பு வந்தாலும் உள்ளே மனம் சோர்ந்துவிட்டது. மற்றதும் இப்படி என்றால் நான்கு தட்டும் போய்விடும்.

திரும்ப ஏர்ல்ஸ் கோர்ட் வந்து, அங்கிருந்து டேர்ன்ஹாம் கிரீன், சிசிக்குக்கு அதுதான் கிட்ட. இறங்கி, பெரிய தெருவைத் தாண்டி, ஒரு சந்துக்குள் போகவேண்டும். பழைய செங்கல் கட்டடம். பெயர்ப்பலகைகூட இல்லை, மணிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஸ்டூடியோவின் பெயர். அதை இரண்டு தரம் வாசித்தேன். மணியை அடித்தேன். ஒரு பெண் கதவைத் திறந்து, வெள்ளித்தாள் தட்டைப் பார்த்து, நல்லகாலம் வந்தீர்கள், எல்லோரும் பசியோடு இருக்கிறார்கள் என்று படிக்கட்டைக் காட்டினார். நான் விளக்கம் சொல்ல வாய் எடுக்க, பரமேஸ்வரி என் கையில் ஒரு கிள்ளு. கீழே கம்பளம் விரித்த பெரிய அறை. நாங்கள் வழக்கம்போலச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுப் போனோம். நான்கு இளைஞர்களும், நரைத்த தலையோடு ஒலிப்பதிவாளர் ஒருவரும் இருந்தார்கள். சப்பாத்துச் சத்தம் ஒலிவாங்கியில் விழும் என்று தெரிந்த ஆட்கள் என அவர் எங்களை மெச்சினார்.

ரோல்ஸ் பாதி முடிந்தபோது படியில் இன்னொருவர் வந்தார், சான்ட்விச் பெட்டிகளோடு. அவர்தான் அவர்கள் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்த ஆள். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நான் பையிலிருந்து நான்கு உறைகளையும் எடுத்து, பின்பக்கத்தைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒலிப்பதிவாளர் உறைகளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். தான் பின்னால் வந்தவர், அந்தக் காலத்து ஒலி கலக்கும் மேசையும் கருவிகளும் போய்விட்டன, பியானோ மட்டும் அதேதான் என்றார். ஓர் இளைஞனை வாசிக்கச் சொன்னார்.

அவன் வாசிக்க, கீழ்ச்சுரம் ஒன்றில் மெல்லிய ஒரு நடுக்கம் கேட்டது. கடைசி ரோலை யாருக்குக் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்த பரமேஸ்வரி அப்படியே நின்றுவிட்டார்.

“இஞ்சருங்கோ, இது அந்தப் பானை மூடிச் சத்தமெல்லோ?”

பன்னிரண்டு வருடமாகச் சாத்திய குசினிக் கதவுக்குப் பின்னால், பானை மூடி ஆடுகிறது என்று அவர் அடிக்கடி அடுப்பைப் போய்ப் பார்த்திருக்கிறார். நான்கு தட்டிலும் அந்தச் சத்தம் இருக்கிறது. நான் இதை ஒலிப்பதிவாளருக்குச் சொன்னேன். அந்த நடுக்கத்துக்காகவே இன்றும் ஆட்கள் இந்தப் பியானோவைத் தேடி வருகிறார்கள், திருத்த விடமாட்டோம் என்றார்.

திரும்பும் ரயிலில், எங்களைச் சாப்பாடு கொண்டுவந்த ஆட்கள் என்று நினைத்தது வாசலிலேயே உனக்கு விளங்கிவிட்டதா என்று கேட்டேன். “ஓம். நீங்கள் வாயைத் திறந்திருந்தால் நாங்கள் இப்பவும் தெருவிலை” என்றார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில சொல். உறையின் பின்பக்கத்தை மட்டுமல்ல, உள்ளுறையையும் வாசியுங்கள், பூதக்கண்ணாடி உதவும். முதலில் தொலைபேசி எடுங்கள், எங்களைப் போல் திடீரென்று போகவேண்டாம். ஆனால் ஏதாவது கொண்டு போங்கள். ஒரு வாசலில் ஏமாந்தால் வீட்டுக்குத் திரும்பாமல் மற்ற வாசலுக்கும் போங்கள்.

அன்று பின்னேரம் பரமேஸ்வரி நான்கு தட்டையும் தன் கையால் பெட்டியில் வைத்தார். பிறகு தர்மக் கடைக்கென்று கட்டிய கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து நீட்டி, இது எங்கே பிறந்தது என்று கேட்டார். நான் மெல்ல மெல்ல வாசித்தேன். ஏழாவதில் பார்சன்ஸ் கிரீன் என்று இருந்தது. அந்த டைல்ஸ் கடைதான். அதே வருடம், அதே சித்திரை.

“அதையும் இதுக்குள்ளை வையுங்கோ” என்றார். “என்ரை பெரிய இடியப்பப் பானையை மகளிட்டைக் குடுப்பம்.”