சனிக்கிழமை சாயங்காலத்துப் பாட்டில்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் தேனியில் ஒரு பட்டறையில் கிரைண்டிங் வேலை பார்த்தேன். அப்போது கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாறையைத் துளைக்கும் இரும்பு ராடுகளின் முனையில் கார்பைடு என்ற கெட்டி உலோகத் துண்டு பதித்திருக்கும். சின்னமனூர், உத்தமபாளையம் பக்கமிருந்து மழுங்கிய ராடுகள் லாரியில் வந்து இறங்கும். சுழலும் பச்சை நிறச் சாணைக்கல்லில் பிடித்து அவற்றைக் கூராக்குவது என் வேலை. சாம்பல் நிறத் தூசி பறக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வோம். வெயில் ஏறினால் அதையும் அவிழ்த்துவிடுவோம்.

அந்த ஆவணியில் எனக்கு வடுகபட்டியில் பெண் உறுதியானது. கூடவே இருமலும் வந்தது. வறட்டு இருமல். நெஞ்சு இறுகும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். காசநோய் என்று யாரோ பெண்ணின் அப்பா காதில் போட்டுவிட்டார்கள். அவர் பூண்டு வியாபாரி. பட்டறைக்கே வந்து நின்று நான் இருமுவதைப் பார்த்தார். சளியிலும் எக்ஸ்ரேயிலும் காசநோய் இல்லை என்றுதான் வந்தது, அதைச் சொன்னேன்.

"அதெல்லாம் சரி மாப்ள. இருமல் நிக்கட்டும், பொறவு தேதி குறிப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பட்டறை முதலாளிதான் மதுரையில் நெஞ்சு நோய் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் என்னை அனுப்பினார். இளவயதுக்காரர். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை இருமல் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"லேசா இருக்கும்மா. தீபாவளிக்கு லீவு விட்டாக, இருமலே இல்ல. திரும்ப வேலைக்குப் போனேன், அன்னைக்குச் சாயங்காலமே புடிச்சிருச்சு."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்ன வேலை செய்றீங்க?"

சொன்னேன். அவர் முகமே மாறிவிட்டது. "அந்தக் கார்பைடுத் துகளையெல்லாம் ஒட்டிப் பிடிச்சு வைக்கிறது கோபால்ட்டுன்னு ஒரு உலோகம். தூசியா மூச்சுல உள்ள போனா ரத்தத்துல கலந்து மூத்திரத்துல வெளிய வரும். மெட்ராஸ்ல என் சிநேகிதி லேப்ல அதை அளக்கற மெஷின் இருக்கு. பாத்துடலாமா?"

"அது கூடுதலா இருந்தா எனக்கு வியாதின்னு அர்த்தமாம்மா?"

"இல்ல. எவ்வளவு உள்ள போயிருக்குன்னுதான் அது சொல்லும். தூசியால வந்த இருமலான்னு, நீங்க வேலையை விட்டுத் தள்ளி இருந்து பாத்துத்தான் முடிவு பண்ணணும்."

திரும்பும் பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னைப் பிடித்து ஆட்டியது எதுவென்று தெரியாமல் மாதக்கணக்கில் கிடந்தவன் நான். இப்போது அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கும்வரை கோபால்ட்டு, கோபால்ட்டு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வாரக் கடைசியில், வேலை முடிந்த கையோடு எடுப்பதுதான் சரி என்று டாக்டரம்மா சனிக்கிழமை சாயங்காலம் பட்டறைக்கே வந்தார். ஆசிட்டில் அலசிய பிளாஸ்டிக் பாட்டில்கள் கொண்டுவந்திருந்தார். பட்டறைக்குள் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது, குளித்துச் சட்டை மாற்றி, நகம் வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தொடவேண்டும் என்றார். கையில் ஒட்டிய தூசி உள்ளே விழுந்தால் கணக்கு பொய்யாகிவிடுமாம். குழாயடியில் கல்யாண வீடு போல ஒரே சத்தம்.

முதலாளிக்கும் ஒரு பாட்டில் நீட்டினார். "நான் கல்லாவுல உக்காந்திருக்கிற ஆளு, எனக்கு எதுக்கும்மா?"

"அதுக்குத்தான் சார் நீங்க வேணும். தூசி படாத ஆளுக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான இவங்களோடத ஒப்பிட முடியும்?"

ஞாயிறுதோறும் சர்ச்சில் முன்வரிசையில் உட்காரும் மனிதர், பாட்டிலைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு நடந்தார். நாங்கள் சிரிப்பை அடக்கத் திரும்பி நின்றோம். எனக்கு அடுத்த கல்லில் வேலை பார்த்த, நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் மூத்தவருக்கு மூத்திரம் வரவே இல்லை. சோடா குடித்தார், குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தார். "எல்லாரும் அங்கன நின்னு பாத்தா எப்படிரா வரும்?" என்று கத்தினார். அவரைத் தனியாக விட்டுவிட்டு நகர்ந்தோம்.

முடிவை டாக்டரம்மா மதுரையிலிருந்து டிரங்க் கால் போட்டுச் சொன்னார். முதலாளி கையைக் காட்ட, எல்லாக் கல்லையும் நிறுத்தினோம். ரிசீவரைக் காதில் வைத்தபடி அவர் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். எனக்குத்தான் எல்லாரையும்விட அதிகம். அடுத்து அண்ணன். முதலாளிக்கு இல்லையென்றே சொல்லலாம்.

"காசநோய் இல்லடா, தூசிதாண்டா!" என்று அண்ணன் என் முதுகில் அறைந்தார். பிறகுதான் அவருக்கும் உறைத்தது. தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முதலாளி போனை வைத்துவிட்டுக் கற்களுக்கு நடுவில் வந்து நின்றார். "இம்புட்டு நாளா இந்தத் தூசியிலதான் நின்னீகளா" என்றார்.

அந்த வாரமே ஒவ்வொரு கல்லின் மேலும் தண்ணீர் சொட்டும் குழாய் வந்தது. தூசியை வெளியே இழுக்கச் சுவரில் பெரிய ஃபேன் வைத்தார்கள். என்னைக் கல்லிலிருந்து எடுத்துவிட்டு, கூராக்கிய ராடுகளைக் கிணறுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் போட்டார்கள். கம்பம் காற்றில் லாரி முன்சீட்டில் போகப்போக நெஞ்சு இளகியது, இருமலும் நின்றது. பங்குனியில் ஒருநாள் டாக்டரம்மா மறுபடி பாட்டில் கொடுத்தார். அண்ணனுக்குப் பாதியாகக் குறைந்திருந்தது. எனக்கு முதலாளியின் அளவுக்கே இறங்கிவிட்டது.

செய்தி கிடைத்ததும் வடுகபட்டிக்கு பஸ் ஏறினேன். சந்தையில் ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பூண்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்ற பெண்ணின் அப்பாவைப் பார்த்ததும், "மாமா, எறங்கிருச்சு!" என்று கத்தினேன்.

ஏலம் கேட்டவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். "வெலையா? எம்புட்டு எறங்கிருச்சு?" என்று ஒருவர் பதறினார்.

"வெலை இல்லண்ணே, கோபால்ட்டு!"

மாமா மூட்டைகளைத் தாண்டி வந்து என் தோளைப் பிடித்தார். "எங்க, ஒருக்கா இருமு பாப்போம்."

இருமிப் பார்த்தேன், வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

"சரி, வீட்டுக்கு வா" என்றார். "ஒங்க அத்தை காலண்டரப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருக்கா."