மிக்கேலம்மாள் கேட்காத வீடு

ஒரு நாடு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை எதைக் கொண்டு சொல்வது? 1977-இல் பல தேசத்துப் படிப்பாளிகள் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு எத்தனை ரூபாய் வருமானம் என்று பார்த்தால் போதாது. ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் காட்ட நாலைந்து எண்கள் வேண்டும். எந்தத் தேசத்திலும் ஒரே மாதிரி எடுத்து ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கக்கூடிய எண்களாக அவை இருக்க வேண்டும். அதுவரை எல்லோருக்கும் சம்மதம். எந்த எண்கள் என்பதில்தான் தகராறு. அதைச் சோதித்துப் பார்க்கப் பொறுக்கிய இடங்களில் ஒன்று தருமபுரி ஜில்லாவில் கடத்தூர் வட்டாரம். பின்தங்கிய ஜில்லா என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டால் எதைச் சோதிப்பதென்றாலும் அங்கேதான் ஜீப் வந்து நிற்கும்.

வீடு வீடாகப் போய்க் கேட்பதற்கு உள்ளூர்ப் பெண்கள் தேவைப்பட்டார்கள். புளி மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்த அருள்நாதனின் மனைவி மிக்கேலம்மாள், கன்னியர் பள்ளியில் எட்டாவது தேறியவள். அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. பையன்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிற வயது. பகலில் வீட்டில் என்ன வேலை, போய்விட்டு வா என்று அருள்நாதனே சொன்னார். அவர் மனைவியிடம் அதிர்ந்து பேசுகிற மனிதர் அல்ல. அதிராமல் பேசுகிறவரும் அல்ல. மண்டியிலிருந்து வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், தூங்குகிற பையன்களின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், படுத்துவிடுவார்.

கேள்விகளில் பலவற்றைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். வீட்டில் ரேடியோ உண்டா என்று ஒன்று. உண்டு என்பார்கள். மருமகள் கொண்டுவந்த சீராக அது சுவரில் ஆணியில் தொங்கும். பேட்டரிக் கட்டை வாங்க முடியாமல் வருஷக்கணக்காக ஊமையாகக் கிடக்கும். செய்தித்தாள் எத்தனை விற்கிறது என்று இன்னொன்று. கடத்தூர் டீக்கடையில் ஒரே பேப்பரை ஊரே படித்துவிட்டு, மறுநாள் அதில் போண்டாவை மடித்துக் கொடுப்பார்கள். ஓர் அறைக்கு எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று கேட்டால், "மழ பேஞ்சாலா, பேயாட்டியா?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

இதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். சென்னையிலிருந்து வந்தவர், தன்மையான மனிதர். கடைசியில் மூன்றுதான் நிற்கும் என்பது அவர் எண்ணம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர். பிறக்கிற குழந்தைகளில் ஒரு வயதுக்குள் போய்விடுவது எத்தனை. ஒரு வயதைத் தாண்டியவர்கள் சராசரியாக எத்தனை வருஷம் இருக்கிறார்கள்.

"ஒரு வயசு தாண்டினவங்கன்னா, அதுக்கு முந்தியே போனதுங்க சார்?" என்று மிக்கேலம்மாள் கேட்டாள்.

"அது தனிக் கணக்கும்மா. அதான் ரெண்டாவது நம்பர். ரெண்டையும் கலந்தா ஒரே சாவை ரெண்டு தடவை எண்ணினதா ஆயிடும்."

அவளுக்குப் புரிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் இடம் வைத்திருக்கிறார்களே என்று ஆறுதலாகக்கூட இருந்தது.

அந்த ஆறுதல் அவளுக்கு ஏன் வேண்டியிருந்தது என்று தெரிய, ஜில்லா சேலத்திலிருந்து பிரியாத காலத்துக்குப் போக வேண்டும். அறுபத்துநாலாம் வருஷம், ஐப்பசி. வீட்டிலேயே தலைப்பிரசவம். பெண் குழந்தை. அழவில்லை, உடம்பு நீலம் பாரித்திருந்தது, மூச்சு விட்டு விட்டு வந்தது. ஞானஸ்நானம் பெறாமல் போகிற பிள்ளைக்கு மோட்சம் இல்லை என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அருள்நாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பங்குச் சாமியாரை அழைத்துவரப் பறந்தார். சாமியாரும் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிவந்தார். அதற்குள் போய்விட்டது.

ஆபத்து நேரத்தில் சாமியார் வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஜெபம் சொல்லலாம் என்பதும் அதே ஞானோபதேசத்தில்தான் இருந்தது. அருள்நாதன் அதை மனப்பாடமாக ஒப்பித்தவர். மிக்கேலம்மாளும் ஒப்பித்தவள். அடுப்பங்கரையில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. அந்தச் சமயத்தில் ஒருவருக்குமே தோன்றவில்லை.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குப் பெயர் கிடையாது, பூசை கிடையாது, மந்திரித்த மண்ணிலும் இடம் கிடையாது. கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியேதான் வைக்க வேண்டும். அருள்நாதன் தனியாகத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார். பச்சை உடம்போடு கிடந்த மிக்கேலம்மாள் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே என்றால் எந்தப் பக்கம், எந்த மூலை என்று அவளுக்குத் தெரியாது. "அதப் பத்தி வாயத் தொறக்காத. அடுத்தது தங்காது" என்று மாமியார் சொல்லிவிட்டாள். அடுத்தது தங்கியது, அதற்கடுத்ததும் தங்கியது, மாமியாரும் காலமாகிவிட்டாள். திறக்காத வாய் திறக்காமலே கிடந்தது. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் மாமியார் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வேலியைச் சுற்றிக் கண்ணை ஓட்டுவாள், திரும்பி வந்துவிடுவாள். என் பிள்ளை எங்கே கிடக்கிறது என்று தெரிந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றிருக்கும். புருஷனிடம் கேட்டால் அவர் முகம் என்ன ஆகுமோ என்று பயம். அதே புருஷன் அந்தப் பிள்ளையை மறந்து தொலைத்துவிட்டாரே என்று வயிற்றெரிச்சல். பயமும் எரிச்சலும் சேர்ந்தால் ஒரு பெண் எத்தனை காலம் வேண்டுமானாலும் பேசாமல் இருந்துவிட முடியும் போலிருக்கிறது.

பிள்ளைகளைப் பற்றிய கேள்வியோடு அவள் முதலில் போனது கடத்தூருக்கு மேற்கே, காட்டுக்குள் நாலைந்து வீடுகள் சேர்ந்த ஒரு கொட்டாய்க்கு. செல்லி என்பவள் கடலைக் காட்டில் களை கொத்திக்கொண்டிருந்தாள். முந்தின வருஷம் எமர்ஜென்சியில் கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் பிடித்த பயம் இன்னும் யாருக்கும் தெளியவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதுமே செல்லி முறைத்தாள்.

"ஆபரேசனுக்கு வந்தியா?"

"இல்லீங்க. அதுக்கில்ல."

"நாலு."

"பொறந்து தவறினது ஏதாச்சும் உண்டுங்களா?"

"ஒண்ணுமில்ல."

பதில் வந்த வேகத்திலேயே பொய் தெரிந்தது. நாலு என்று குறித்துக்கொண்டு எழுந்து வந்திருக்க வேண்டும். மிக்கேலம்மாளுக்குக் கால் எழவில்லை. "எனக்கு மூத்தது பொண்ணுங்க. பொறந்த அன்னிக்கே போயிருச்சு" என்று அவள் வாய் தானாகச் சொன்னது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

செல்லி களைக்கொத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு ரெண்டு போச்சும்மா. ஒண்ணு பால் குடிச்சுச்சு, ஒண்ணு குடிக்கவே இல்ல. குடிக்காததப் போயி யாரு புள்ளைன்னு சொல்லுவா? சிரிப்பாங்க. அதான் சொல்லல."

"நான் சொல்லுவேன்" என்றாள் மிக்கேலம்மாள். இரண்டு பேரும் கடலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார்கள்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தன் மூத்ததைச் சொன்னாள். கேட்டவள் தன்னுடையதைச் சொன்னாள். யாரையும் துருவ வேண்டியிருக்கவில்லை. கரும்புத் தோட்டத்துக்குள்ளும் கிணற்று மேட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும், பெயர் வைக்காத பிள்ளைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மிக்கேலம்மாள் வெயிலில் கறுத்துப்போனாள், ஆனால் முகம் தெளிந்துவிட்டது. என் மூத்தது, என் மூத்தது என்று சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை அவளுக்கு மறுபடி பிறந்தது மாதிரி இருந்தது. சம்பளமே இல்லை என்றாலும் அந்த வேலைக்குப் போயிருப்பாள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் வழக்கம்போல் வாயை மூடிக்கொள்வாள்.

ஆடி மாதம் சூப்பர்வைசர் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கடத்தூர் பஸ் ஸ்டாண்டு மாடியில் ஓர் அறைதான் ஆபீஸ். அவளுடைய ஊர்களில் மட்டும் குழந்தைச் சாவு மற்ற ஊர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்திருந்தது. எப்படிக் கேட்டீர்கள் என்றார். ஒளிக்காமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"நீங்க வாங்கிட்டு வந்தது நிஜம்தாம்மா. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா வேற எந்த ஊர்லயும், வேற எந்த தேசத்துலயும் யாரும் இப்படித் தன் கதையச் சொல்லிக் கேக்கல. எல்லா இடத்துலயும் தாய்மாருங்க கொஞ்சம் விட்டுத்தான் சொல்றாங்க. இங்க மட்டும் விடாம எழுதினா, உலகத்துலயே கடத்தூர்லதான் கொழந்தைங்க சாவுதுன்னு ஆயிடும். எல்லாரும் ஒரே மாதிரி கேட்டாத்தான் ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாக்க முடியும்."

"அப்ப விட்டதுங்க சார்?"

"விட்டது விட்டதுதாம்மா. அதுக்கு ஏதாவது ஈடு கட்டிப் போடுவாங்க. அச்சடிச்சத மட்டும் கேளுங்க. உங்க விஷயத்தச் சொல்லாதீங்க. தப்பா நெனைக்காதீங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் கொடுமை. மாமியார் அதட்டி அடைத்த வாயை இவர் மரியாதையாக அடைத்துவிட்டார். மறுநாளிலிருந்து மிக்கேலம்மாள் அச்சடித்ததை மட்டும் கேட்டாள். நாலு என்றார்கள், நாலு என்று எழுதினாள். தெரு முனையிலேயே அடையாளம் கண்டுகொண்டு, "என்னாம்மா, மொகமெல்லாம் வாடிப்போச்சு?" என்று கேட்ட பெண்களுக்கும் பதில் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை இரண்டாம் தடவை செத்தது அந்த ஆடியில்தான்.

அவள் எழுதிய ஊர்களில் சில வீடுகளை வேறு ஆளை விட்டு மறுபடி கேட்கச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் கடத்தூரிலும் சில தெருக்கள் விழுந்தன. அவள் தெருவும் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிறகு, சேலத்திலிருந்து புதிதாக வந்த ராஜாமணி என்கிற பெண் வாசலில் வந்து நின்றாள். மிக்கேலம்மாளைப் பார்த்துக் கூச்சமாகச் சிரித்தாள். இந்தக் கணக்கெடுப்பு வேலையில் இருப்பவர்களிடம் கேட்கக்கூடாது, குடும்பத் தலைவரிடம்தான் கேட்க வேண்டுமாம். அருள்நாதன் பையனின் பிய்ந்த செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். மிக்கேலம்மாள் அடுப்பங்கரை வாசலில் ஒதுங்கி நின்றாள்.

"உங்களுக்குப் பொறந்த கொழந்தைங்க மொத்தம் எத்தனைங்க?"

அருள்நாதன் கையில் ஊசி நின்றது. மனைவி இருந்த பக்கம் திரும்பவில்லை.

"ரெண்டு பசங்க."

"ரெண்டு பேரும் இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றவர் தொண்டையைக் கனைத்தார். ராஜாமணி அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். ரேடியோ உண்டா என்றாள். இல்லை என்றார். நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். ஊரிலிருக்கிற பெண்கள் மறைத்தபோதெல்லாம் இரக்கப்பட்டவளுக்குப் புருஷன் மேல் மட்டும் இரக்கம் வரவில்லை. மிக்கேலம்மாள் பாத்திரத்தை நறுக்கென்று வைத்தாள்.

"அந்தப் பொண்ணு இன்னொரு தரம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் அருள்நாதன், செருப்பைப் பார்த்துக்கொண்டே.

"என்னன்னு?"

"மூணுன்னு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மறந்துட்டீங்கன்னு இருந்தேன்."

"எப்பிடி மறக்கறது? கொடத்துல தண்ணி இருந்துச்சு. நான் போயி சைக்கிள எடுத்தேன். அப்பன்னு ஒருத்தன் வூட்ல இருந்தும் ஒரு கை தண்ணி ஊத்தல." அவர் தோள் குலுங்கியது. அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை.

பக்கத்தில் நகர்ந்து போய் அவர் கையிலிருந்த ஊசியை வாங்கிக் கீழே வைத்தாள். முன்பின் தெரியாத பெண்களிடம் எவ்வளவு மெதுவாகக் கேட்டாளோ அவ்வளவு மெதுவாகக் கேட்டாள்.

"என்னாங்க, எங்க வச்சீங்க அதை?"

"வடக்கு வேலியோரம். ஒரு நொச்சிச் செடி இருந்துச்சு, அதுக்கடியில. திருநாளைக்கு நீ ஆத்தா கல்லறையில நிக்கறப்ப நான் பீடி குடிக்கற மாதிரி அந்தப் பக்கம் போயிருவேன். வருசந் தவறாம போனேன். போன வருசம் வேலிய எடுத்துட்டு மதில் கட்டுனாங்கல்ல, அப்ப செடிகொடியெல்லாம் புடுங்கி, மண்ணு கொட்டி மேவிட்டாங்க. அந்தத் திருநாளைக்குப் போயி இப்பிடியும் அப்பிடியும் நடந்து பாத்தேன். எந்த எடம்னு எனக்கே தெரியல."

அவள் அவர் கையைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு, "முந்தியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றாள்.

"நீ கேப்பேன்னு இருந்தேன்" என்றார் அருள்நாதன்.